எட்டுப் பேர், நான்கு பப், ஒரு நாள் பேருந்துச் சீட்டு: பிளாக் கன்ட்ரியில் ரியல் ஏல் தேடி

கேள்வி இதுதான்: பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் எட்டு நண்பர்கள், ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேருந்திலேயே சுற்றி, நல்ல ரியல் ஏல் (பீப்பாயிலேயே நொதிக்கும் பாரம்பரிய பீர்) கிடைக்கும் பழைய பப்களைப் பார்த்து வர ஆசைப்படுகிறார்கள். இருவர் சைவம். ஒருவர் குடிப்பதே இல்லை. எங்கே போவது, எத்தனை பப், எப்படித் திட்டமிடுவது? கடைசியில் தயக்கத்தோடு ஒன்று: உள்ளூர்க்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் பப்பில் நாங்கள் கும்பலாக நுழைந்தால் எப்படிப் பார்ப்பார்கள்?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். பர்மிங்ஹாமுக்கு மேற்கே இருக்கும் பிளாக் கன்ட்ரிக்குப் போங்கள். வுல்வர்ஹாம்ப்டன், செட்ஜ்லி, நெதர்டன், பிரையர்லி ஹில், இந்த நான்கு இடத்தில் நான்கு பப். ஐந்தாவது வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து மைல்தான் இருக்கும். வழி நெடுகப் பேருந்து உண்டு.

ஏன் நான்கோடு நிறுத்தச் சொல்கிறேன் என்றால், நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நான் முதன்முதலில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போனபோது தாளில் ஒன்பது பப் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் என்று கணக்கு. நான்காவது பப்பிலேயே யாருக்கும் எதன் ருசியும் நாக்கில் நிற்கவில்லை. ஆறாவதில் இரண்டு பேரைக் காணோம், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே போன் அடித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் யாரைக் கேட்டாலும் எந்தப் பப்பில் என்ன குடித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, பக்கத்து மேசைப் பெரியவர் என்ன சொல்கிறார், கிளாஸின் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் ருசி எப்படி மாறுகிறது என்று கவனிக்க அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

ரியல் ஏல் என்றால் என்ன என்பதை உங்களில் சிலருக்கு விளக்க வேண்டியிருக்கும். மதுபான ஆலையிலிருந்து கிளம்பும்போது அந்தப் பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்பின் நிலவறையில் வைத்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும். அந்த நொதிப்பில் வரும் வாயுதான் அதன் நுரை. வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஏற்றி அழுத்தித் தள்ளுவதில்லை. கவுன்டரில் நீண்ட கைப்பிடி வைத்த பம்பை இழுத்து, நிலவறையிலிருந்து மேலே கொண்டுவருகிறார்கள். 11 முதல் 13 டிகிரி வெப்பத்தில் குடிப்பது. பனிக்கட்டி போலச் சில்லென்று இருக்காது, அதற்காக வெதுவெதுப்பாகவும் இருக்காது. பீப்பாயைத் திறந்துவிட்டால் உள்ளே காற்று போகத் தொடங்கிவிடும், மூன்று நாள் வரைதான் நன்றாக இருக்கும். கள் எப்படி இறக்கிய சில மணி நேரத்துக்குள் ஒரு ருசி, பொழுது சாய்ந்தால் வேறு ருசியோ, அதுபோல இதற்கும் நேரம் காலம் உண்டு. சாதாரணமாகப் பப்புக்கு வரும் ஃபர்கின் என்ற பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). அது மூன்று நாளுக்குள் விற்றுத் தீர வேண்டும். கூட்டம் வராத பப்பில் நல்ல ரியல் ஏல் கிடைக்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ரியல் ஏல் என்ற பெயரே ஐம்பது சொச்சம் வருடத்துக்குள் வந்த பெயர். 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறை போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள், அங்கே ஒரு பாரில் உட்கார்ந்து, ஊரில் நல்ல பீர் அழிந்துகொண்டு வருகிறதே என்று பேசித் தொடங்கியதுதான் காம்ரா, அதாவது ரியல் ஏலுக்கான இயக்கம். அப்போது பெரிய கம்பெனிகள் ஈஸ்டைக் கொன்று, வடிகட்டி, வாயு ஏற்றி அடைத்த கெக் பீரை நாடெங்கும் இறக்கிக்கொண்டிருந்தன. வாட்னீஸ் ரெட் பேரல் என்பது அந்தக் காலத்தின் அடையாளப் பெயர். காம்ராவின் வழிகாட்டிப் புத்தகம் இன்றும் வருடா வருடம் வருகிறது. எந்த ஊருக்குப் போனாலும் நல்ல பப்பைத் தேட நான் முதலில் புரட்டுவது அதைத்தான்.

சரி, பிளாக் கன்ட்ரி ஏன்? நிலக்கரிப் புகையாலும் தரைக்குக் கீழே ஓடும் கரிப் படிவத்தாலும் வந்த பெயர் என்பார்கள். பர்மிங்ஹாமில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த எலிஹு பர்ரிட் 1868இல் இந்த நிலத்தைப் பகலில் கருப்பு, இரவில் சிவப்பு என்று எழுதினார். உலைகளின் வெளிச்சத்தைச் சொன்னார். உலை முன் மணிக்கணக்கில் வியர்வை ஊற்ற நின்றவனுக்குக் கசப்பு குறைந்த, போதை குறைந்த, லேசாக இனிக்கும் கறுத்த பீர் தேவைப்பட்டது. அதுதான் மைல்ட். நாட்டின் பல இடங்களில் மைல்ட் கிட்டத்தட்ட மறைந்தே போனது. இங்கே இன்னும் அன்றாடம் குடிக்கிற பீராக இருக்கிறது. அதோடு, குடும்பச் சொத்தாகவே தொடரும் சிறிய ஆலைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பகுதி இங்கிலாந்தில் அபூர்வம். வடித்த இடத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து குடிக்கலாம். எனக்கு இந்தச் சுற்றில் பிடித்ததே அதுதான்.

பர்மிங்ஹாமிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு மட்டும் ரயிலில் வாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. நிலையத்துக்குப் பின்புறம் நடக்கும் தூரத்தில் சன் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது கிரேட் வெஸ்டர்ன். பழைய லோ லெவல் ரயில் நிலையத்தின் எதிரே இருப்பதால் உள்ளே எங்கு பார்த்தாலும் ரயில்வே சாமான்கள். இது ஹோல்டன்ஸ் ஆலையின் பப். 1915இல் எட்வின், லூசி ஹோல்டன் தம்பதி தொடங்கிய குடும்பம், இப்போதும் வுட்செட்டனில் வடிக்கிறது. இங்கே கோல்டன் கிளோ என்ற பொன்னிற பீரில் அரை பைன்ட் மட்டும் வாங்குங்கள், 4.4 சதவீதம். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் ஒரு காப் சாப்பிடுங்கள். காப் என்பது இந்த ஊரில் உருண்டை ரொட்டிக்குப் பெயர். சீஸும் பச்சை வெங்காயமும் வைத்தது சைவர்களுக்கு நாள் முழுக்கக் கை கொடுக்கும். ஒரே எச்சரிக்கை: வுல்வ்ஸ் கால்பந்து அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று இந்தப் பப்பில் நிற்கவே இடம் இருக்காது.

அப்புறம் பேருந்து. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் எல்லாக் கம்பெனிப் பேருந்துகளிலும் செல்லும் என்-பஸ் நாள் சீட்டு இருக்கிறது, அதை வாங்கிவிட்டால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கவலையில்லை. ஒவ்வொருவரும் அவரவர் சீட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போனில் எட்டுச் சீட்டு வைத்துக்கொண்டு அவர் போன் அணைந்துவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். வழித்தட எண்களை நான் இங்கே எழுதவில்லை. அவை அடிக்கடி மாறும். புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து செட்ஜ்லி வழியாக டட்லி, டட்லியிலிருந்து நெதர்டன், டட்லியிலிருந்து பிரையர்லி ஹில் வழியாக ஸ்டவர்பிரிட்ஜ், இந்த மூன்று பாதைகளைத் தேடினால் போதும். சனிக்கிழமை சரியான நாள், ஞாயிறு என்றால் வண்டிகள் குறைந்துவிடும். மாடிப் பேருந்து வந்தால் மேலே முன்னிருக்கைக்குப் போங்கள். செட்ஜ்லி ஒரு மேட்டின் மேல் இருக்கும் ஊர். பேருந்து ஏறும்போது இரண்டு பக்கமும் பழைய தொழில் நிலம் விரிவதைப் பார்க்கலாம்.

செட்ஜ்லியில் பில்ஸ்டன் ஸ்ட்ரீட்டில் பீக்கன் ஹோட்டல். ஹோட்டல் என்று பெயர் இருந்தாலும் பப்தான். எட்டுப் பேர் போவதாக முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். நடுவில் கண்ணாடிக் கூண்டு போல ஒரு சின்ன அறை. அதற்குள் பரிமாறுபவர் நிற்பார். சுற்றிலும் தனித்தனி அறைகள், ஒவ்வொரு அறைக்கும் அந்தக் கூண்டிலிருந்து ஒரு சின்னச் சன்னல். நீங்கள் குனிந்து அந்தச் சன்னல் வழியாகக் கேட்க வேண்டும். விக்டோரியா காலத்து அமைப்பு அப்படியே இருக்கிறது. நான் முதல்முறை போனபோது எங்கே நின்று கேட்பது என்று தெரியாமல் நடையில் நின்றிருந்தேன். ஒரு பெரியவர் தோளைத் தொட்டுச் சன்னலைக் காட்டினார்.

இந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்த பீர் வேறு மாதிரி ருசிக்கும். சாரா ஹியூஸ் என்ற பெண், சுரங்க விபத்தில் கணவரை இழந்தவர். 1920களின் தொடக்கத்தில் இந்தப் பப்பை வாங்கி, பின்புறம் இருந்த கோபுர ஆலையில் தானே வடித்தார். 1950களின் பிற்பகுதியில் வடிப்பு நின்றது. முப்பது வருடம் ஆலை தூசி படிந்து கிடந்தது. 1987இல் அவர் பேரன் ஜான் ஹியூஸ் அதை மறுபடி ஓட வைத்தார். பாட்டியின் செய்முறைக் குறிப்பு ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் கிடைத்தது என்று சொல்வார்கள். அந்தக் குறிப்பிலிருந்து வருவதுதான் டார்க் ரூபி மைல்ட். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். கருகாத வெல்லப்பாகும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்த வாசனை. ஆனால் 6 சதவீதம். மைல்ட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் மேலே சொன்ன உலைக்காரர்களின் லேசான மைல்ட் இது இல்லை. பழைய காலத்தில் மைல்ட் என்றால் முதிராத புது பீர் என்றுதான் பொருள், வலுவாகவும் இருந்தது. அந்த வழியில் வந்தது இது. அரை பைன்ட் போதும். அரை மணி நேரம் வைத்துக் குடியுங்கள்.

நேரத்தைப் பற்றி இங்கே ஒன்று. முதல் உலகப் போர்க் காலத்தில், 1915 முதல், மதியம் பப்களை மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடக் கூடாது என்று. 1988 வரை அது நீடித்தது. சட்டம் போன பிறகும் சில பழைய பப்கள் மதியம் சில மணி நேரம் மூடும் வழக்கத்தை விடவில்லை. அதனால் பீக்கனை மதியம் பன்னிரண்டை ஒட்டி வருமாறு வைத்துக்கொள்ளுங்கள், எதற்கும் முதல் நாள் திறப்பு நேரத்தைக் கேட்டுவிடுங்கள். மூடிய கதவுக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்பதைப் போல நாளைக் கெடுப்பது வேறில்லை.

மறுபடி பேருந்து, டட்லியில் மாறி நெதர்டன். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். டைட்டானிக் கப்பலின் நடு நங்கூரம் நெதர்டனில் நோவா ஹிங்லி பட்டறையில் செய்தது. பதினைந்து டன்னுக்கு மேல் எடை. 1911இல் அதை இருபது குதிரைகள் பூட்டிய வண்டியில் நெதர்டனிலிருந்து டட்லி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். நீங்கள் எதிர்த்திசையில் பேருந்தில் உட்கார்ந்து இறங்குகிறீர்கள்.

நெதர்டனின் ஓல்ட் ஸ்வான் பப்பை யாரும் அந்தப் பெயரில் சொல்ல மாட்டார்கள். மா பார்டோஸ் என்பார்கள். டோரிஸ் பார்டோ என்ற அம்மையார் 1930களிலிருந்து அரை நூற்றாண்டு அங்கே இருந்து, 1984இல் காலமானார். அவர் பெயர் மட்டும் போகவில்லை. 1970களின் தொடக்கத்தில், தன் கொல்லையில் தானே வடித்து விற்கும் பப்கள் இங்கிலாந்து முழுவதிலும் நான்கே நான்குதான் மிஞ்சியிருந்தன. கார்ன்வாலில் ஹெல்ஸ்டனின் புளூ ஆங்கர், ஷ்ராப்ஷயரில் இரண்டு, நான்காவது இது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த வழக்கம் நான்கு வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. இன்று நாடு முழுக்கப் பப்பிலேயே வடிக்கும் சின்ன ஆலைகளைப் பார்க்கிறோம் என்றால், அந்த நான்கு பேர் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்ததும் ஒரு காரணம். இங்கும் இடையில் சில வருடம் வடிப்பு நின்று மறுபடி தொடங்கியது.

முன் அறைக்குள் போனதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். எனாமல் தகடு பதித்த கூரை, நடுவில் பெரிய அன்னப் பறவை. அறை நடுவே பழைய இரும்பு அடுப்பு, அதிலிருந்து மேலே போகும் குழாய். ஒரு மூலையில் ஆள் எடை பார்க்கும் பழைய இயந்திரம். புகைப்படம் எடுக்கலாம், ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் விழாமல் எடுங்கள். இங்கே ஒரிஜினல் என்ற லேசான பீர், 3.5 சதவீதம், ஒரு முழு பைன்ட் குடிக்கலாம். சாப்பாட்டுக்கும் இதுதான் நேரம். இந்தப் பகுதியின் சாப்பாடு என்றால் கிரே பீஸ் என்று ஒரு பழுப்புப் பயறு, பன்றி இறைச்சியோடு குழைய வேக வைத்தது. ஃபாகட் என்று ஈரல் கலந்த இறைச்சி உருண்டையும் உண்டு. நம் ஊர் மொச்சைக் குழம்பை நினைவுபடுத்தும் ஒரு மண்வாசம் அந்தப் பயறில் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது சரிவராது, கேட்டு வேறு வாங்குங்கள்.

சைவம் என்று வந்ததால் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. பீப்பாயில் மிதக்கும் ஈஸ்டை அடியில் படிய வைக்க, பெரும்பாலான ஆலைகள் ஐசின்கிளாஸ் என்ற பொருளைச் சேர்க்கின்றன. அது மீனின் காற்றுப் பையிலிருந்து எடுப்பது. ஈஸ்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும் என்றாலும், கண்டிப்பான சைவர்களுக்கு மனம் ஒப்பாது. இப்போது மீன் பொருள் சேர்க்காத கலங்கலான ஏல்களும் வருகின்றன. கவுன்டரில் வெட்கப்படாமல் கேளுங்கள், தினமும் யாராவது கேட்கும் கேள்விதான். குடிக்காத நண்பருக்கு எலுமிச்சை சோடா ஒவ்வொரு பப்பிலும் கிடைக்கும். அவரைச் சும்மா உடன் வருபவராக வைக்காதீர்கள், வழிகாட்டும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அதற்காக எல்லார் பர்ஸையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கவுன்டர் பழக்கத்தையும் இங்கேயே சொல்கிறேன். மேசைக்கு யாரும் வர மாட்டார்கள், போய்க் கேட்டு, காசு கொடுத்து, நாமே எடுத்து வர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. உங்களுக்கு முன் வந்தவர் யார் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும், பரிமாறுபவருக்கும் தெரியும். ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாருக்கும் வாங்கித் தரும் ரவுண்டு முறை எட்டுப் பேருக்கு ஒத்துவராது. எட்டு ரவுண்டு முடிவதற்குள் எல்லாரும் விழுந்துவிடுவார்கள். காலையிலேயே ஆளுக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். குடிக்காதவர் பாதி போட்டால் போதும். பீர் காடி போலப் புளித்திருந்தால் கவுன்டருக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சொல்லுங்கள். நல்ல பப்பில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள், பீப்பாயையும் போய்ப் பார்ப்பார்கள். காலி கிளாஸைக் கிளம்பும்போது கவுன்டரில் வைத்துவிட்டுப் போனால் உங்களை அடுத்த முறையும் நினைவு வைத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் தயக்கம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அதற்கு இந்த மண்ணில் வரலாறு இருக்கிறது. இங்கிருந்து சில மைல் தள்ளி ஸ்மெதிக் என்ற ஊர். 1960களில் அங்கே பல பப்களில் கருப்பர்களையும் இந்தியர்களையும் நல்ல அறையில் உட்கார விட மாட்டார்கள். வார்ப்பட ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிகளின் இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரி 12ஆம் தேதி, அமெரிக்கக் கருப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தார். சங்கத்தைச் சேர்ந்த அவதார் சிங் ஜௌலோடு புளூ கேட்ஸ் என்ற பப்புக்குப் போனார். அந்த அறையில் உங்களுக்குப் பரிமாற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் கொல்லப்பட்டார். அதே வருடக் கடைசியில் பொது இடங்களில் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் பிரிட்டனில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஓடாமல் மூடப்போன பல பப்களைப் பஞ்சாபிக் குடும்பங்களே எடுத்து நடத்தத் தொடங்கின. தேசி பப் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வெஸ்ட் பிராம்விச்சின் ரெட் லயன், வைன், ஸ்மெதிக்கின் ஐவி புஷ் எல்லாம் அப்படித்தான். தந்தூரி அடுப்பில் சுட்ட கறியும் பைன்ட் பீரும் ஒரே மேசையில், வெள்ளைக்காரத் தாத்தாவும் சர்தார்ஜியும் பக்கத்துப் பக்கத்தில். அது தனியாக ஒரு நாள் சுற்ற வேண்டிய வழி, இதோடு சேர்க்க வேண்டாம்.

நான் சொன்ன நான்கு பப்களில் பதினைந்து வருடமாகப் பல முறை, பல ஊர் நண்பர்களோடு போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். யார் நுழைந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். கவுன்டரில் என்ன பீர் நல்லது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அதைப்போலப் பிடித்த கேள்வி கிடையாது. ஆனால் எட்டுப் பேரும் ஒன்றாகக் கவுன்டரை மறைத்து நிற்காதீர்கள், இரண்டு பேர் போய் வாங்குங்கள், மற்றவர்கள் உட்காருங்கள்.

கடைசிப் பப் பிரையர்லி ஹில்லில். நெதர்டனிலிருந்து மெரி ஹில் ஷாப்பிங் சென்டர் பக்கம் போகும் பேருந்து பாருங்கள், நேரம் ஒத்துவராவிட்டால் டட்லிக்குத் திரும்பி மாறலாம். ரவுண்ட் ஓக் உருக்காலை 1982இல் மூடப்பட்ட பிறகு அந்தப் பக்கம் எழுந்த கடைவளாகம் அது. அங்கே இறங்கி, கால்வாய்க் கரையோடு நடக்கச் சொல்வேன். டெல்ஃப் லாக்ஸ் என்ற, படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்படிகள் வரிசையாகச் சரிவில் இறங்கும். ஒன்பது படி என்று பெயர், எண்ணினால் எட்டுதான் வரும், 1858இல் மாற்றிக் கட்டியபோது ஒன்று குறைந்துவிட்டது. சாப்பிட்ட பிறகு இந்த நடை உடம்புக்கும் நல்லது, தலையும் தெளியும்.

படிகளின் அடிவாரத்தில் டெல்ஃப் ரோடு வரும். அங்கே வைன் இன். வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஷேக்ஸ்பியர் வரி ஒன்றைத் தீட்டியிருப்பார்கள், நல்ல ஏல் வடிக்கிறாய், உன் நெஞ்சுக்கு ஆசி என்ற பொருளில். வெரோனாவின் இரு கனவான்கள் நாடகத்தில் வருவது. உள்ளூரில் இதற்குப் பெயர் புல் அண்ட் பிளாடர், முன்பு அங்கே கசாப்புக்கடை இருந்ததால். பாதம்ஸ் ஆலை பக்கத்திலேயே ஒட்டி இருக்கிறது. 1877இலிருந்து ஒரே குடும்பம். அவர்கள் வடிப்பது ஒரு மைல்ட், ஒரு பிட்டர் (கசப்புக் கூடிய பீர்), குளிர்காலத்தில் மட்டும் வலுவான ஒன்று. அவ்வளவுதான். புதுப் புது ருசி, அன்னாசி, மாம்பழம் என்றெல்லாம் எதுவும் இல்லை. பெஸ்ட் பிட்டர் 4.3 சதவீதம், வைக்கோல் நிறம், நாக்கில் பட்டதும் லேசாக இனித்து, விழுங்கும்போது கசந்து முடியும். எத்தனையோ ஊர்களில் குடித்துவிட்டேன், இதைவிடச் சமன்பட்ட பீரை நான் பார்த்ததில்லை. அதே பீரைத் தூர ஊரில் எப்போதாவது கிடைக்கும்போது வாங்கியிருக்கிறேன், நன்றாகவே இருந்தது, ஆனால் இந்த அறையில் குடித்தது போல இல்லை. பக்கத்துக் கட்டடத்திலிருந்து பீப்பாய் உருண்டு வருகிறது, வந்த வேகத்தில் தீர்கிறது. நாளின் இரண்டாவது முழு பைன்டை இங்கே வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

கணக்குப் பார்ப்போம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்) மேல் வேண்டாம் என்கிறது, அதையும் பல நாளாகப் பிரித்து. நான் சொன்ன அளவில், அரை பைன்ட் கோல்டன் கிளோ, அரை பைன்ட் டார்க் ரூபி, ஒரு பைன்ட் ஒரிஜினல், ஒரு பைன்ட் பாதம்ஸ், எல்லாம் சேர்த்து ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். ஒரே நாளில் அதுவே அதிகம்தான். அதனால் ஒவ்வொரு பப்பிலும் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள், உரிமம் பெற்ற பப்பில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். யாருக்காவது அரை பைன்டே போதும் என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பைன்ட்கூடச் சட்டப்படியான அளவுதான், கேட்டால் பல இடத்தில் ஊற்றித் தருவார்கள். கிளம்பும் ஒவ்வொரு முறையும் கழிவறை போய்விட்டுக் கிளம்புங்கள், பேருந்தில் அந்த வசதி கிடையாது. பேருந்துக்குள் பாட்டிலைத் திறக்க வேண்டாம். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம்.

இந்தச் சுற்றைத் தள்ளிப்போடாமல் இந்த வருடமே போய்விடுங்கள் என்று சொல்லவும் காரணம் இருக்கிறது. ஹிம்லி பக்கத்தில் குருக்கட் ஹவுஸ் என்று ஒரு பப் இருந்தது. கீழே தோண்டிய சுரங்கத்தால் கட்டடமே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி ஓடுவதுபோலத் தெரியும். ஊர்க் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த இடம். 2023 ஜூலையில் கைமாறியது, ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு எரிந்தது, இரண்டு நாளில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி உத்தரவு போட்டது. நான் அங்கே ஒருவரை அடுத்த முறை கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் வழியை மட்டும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். மாலை ஏழரை மணிக்கு வைன் வாசலில் எல்லாரும் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஸ்டவர்பிரிட்ஜுக்குப் பேருந்து. ஸ்டவர்பிரிட்ஜ் டவுன் நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, ஒற்றைப் பெட்டி, ஒரு மைலுக்கும் குறைவான தூரம், மூன்று நிமிடம். அது இருட்டில் ஆடிக்கொண்டே சரிவில் ஏறும். ஜங்ஷனில் மாறினால் நேராக பர்மிங்ஹாம். கடைசி வண்டி நேரத்தை ஒரு தாளில் எழுதிக் குடிக்காத நண்பரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.